பாப்பாவுக்குப் பெரியம்மா எழுதுவது

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த திங்கள் முதல் கீமோ என்று கறிகாய் விலை சொல்வதுபோல் சொன்னாய். அதுகூடப் பரவாயில்லை. "அத்தைக்குத் தெரிய வேண்டாம் பெரியம்மா, ஆபீஸில் ட்ரெயினிங் என்று சொல்லிக்கொள்கிறேன்" என்றாயே, அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் உன் அம்மாவும் இப்படித்தான் மறைத்தாள். சித்தி கல்யாணம் முடியட்டும், வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெட்டுப்போகும் என்று பாட்டி அவள் வாயைக் கட்டிப்போட்டாள். எட்டு மாதம்! முகூர்த்தத்தன்று கசிவு தெரியாமலிருக்க ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று சந்தனம் கொடுத்தாள். பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் நான். எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் ஆஸ்பத்திரியே எழுப்பினார். என்னால் ஆனது இந்தக் கடிதம்தான்.

எத்தனை நாள் மறைப்பாய்? சிவப்பு மருந்து ஏற்றப்போவதாகச் சொன்னாய். இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடியாகக் கிடக்கும். இப்போதே குட்டையாக வெட்டிக்கொள், கண் கொஞ்சம் பழகும். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான், பயந்துவிடாதே. வாந்தி மாத்திரையை வாந்தி வரட்டும் என்று காத்திராமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போடு. பல்லில் கோளாறு இருந்தால் இந்த வாரமே காட்டிவிடு.

காய்ச்சலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. மருந்து ஏற்றி 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கவே கூடாது. அன்றைக்கு மாப்பிள்ளை வெளியூரில் இருந்தால் உன்னை யாரம்மா கூட்டிப்போவது? ட்ரெயினிங் என்று நம்பித் தூங்குகிற மாமியாரா? அவர் அன்பாகக் கழுவாத கொய்யாவை நறுக்கித் தருவார். நீ என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பாய்?

தெரிந்தால் ஆளுக்கொரு கஷாயம் கொண்டுவருவார்கள் என்றாய். வாங்கி வைத்துக்கொள். டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே, அவ்வளவுதான். உன் மாமியாருக்கு வாய்தான் நீளம், மனசு தங்கம். உன் பிரசவத்தில் மூன்று ராத்திரி கண் விழித்தவர் அவர்.

ரொம்பத் திட்டிவிட்டேனா கண்ணு? நீ எது செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். சொல்ல மனசில்லை என்றால் விடு, நானே வந்து எத்தனை மாதமானாலும் உன்னோடு இருக்கிறேன். உன் அம்மாவின் அரக்குச் சுங்குடி என் பீரோவில் இத்தனை வருஷம் இருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. நீ தலைக்குக் கட்டிக்கொள்ள நான்கு துண்டாக வெட்டி ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பாண்டியனில் ஏறுகிறேன். எழும்பூருக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

உன்
பெரியம்மா