ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயக்க முறைகள்: கணக்குக்குப் பழுது வராமல் அமைப்பது எப்படி?



நம்மில் பலர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கெழுத உட்காருகிறோம். பேரேடு இருப்பது அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில். பாங்குக் கணக்கைப் பார்ப்பதும், பேரப்பிள்ளைகள் விளையாடுவதும் அதிலேதான். பெரும்பாலும் அது பழைய பெட்டி. விண்டோஸ் 10 ஓடும். அதற்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் தந்தார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு பெட்டிக்குள் இருக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது.

லினக்ஸ் என்பது வேறொரு இயக்க முறை. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது. அதன் வகைகளில் லினக்ஸ் மின்ட் நம்மைப் போன்றவர்களுக்கு எளிது, காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் டாலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே விண்டோஸைத் தூக்கி எறிய வழியில்லை. மிளகாய் மூட்டையையும் மைதா மூட்டையையும் ஒரே குடோனில் வைக்க வேண்டியிருந்தால் நடுவே சுவர் வைக்கிறோம் அல்லவா? அதைத்தான் இங்கே செய்கிறோம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு விண்டோஸில் கணக்கு எழுதுவது; பாங்கு, ஜி.எஸ்.டி. தளம், மின்னஞ்சல் எல்லாம் லினக்ஸில். பெட்டியைப் போட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதுவே கேட்கும்.

என் வீட்டில் இதை முதலில் செய்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். லினக்ஸ் நிறுவும்போது ஒரு கட்டத்தில் இரண்டு வழிகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. ஒன்று, விண்டோஸோடு சேர்த்து வைப்பது. இன்னொன்று, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு வைப்பது. அவசரத்தில் இரண்டாவதை அழுத்தினேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அழுத்தியது என் விரல். கடை மேஜை டிராயரில் கிடந்த பென் டிரைவில் மூன்று மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தேன். மீதி மூன்று மாதத்துப் பற்று வரவைப் பில் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு நானும் கணக்குப்பிள்ளையும் மறுபடி ஏற்றினோம். இரண்டு சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கி மட்டும் கடைசி வரை ஒத்து வரவேயில்லை. அவர்கள் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டேன்.

ஆகவே முதல் வேலை பிரதி எடுப்பது. ஒன்று போதாது, இரண்டு எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். எடுத்த பிரதி வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லினக்ஸை ஏற்றும் பென் டிரைவ் தனியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதிலுள்ளது எல்லாம் அழிந்துபோகும். 8 ஜி.பி. போதும்.

அடுத்து, விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பக்கத்துக் கோப்பைத் திறக்கலாம், எழுத முடியாமல் போகும். பிறகு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போய் விண்டோஸின் இடத்தைச் சுருக்க வேண்டும். மின்ட் 20 ஜி.பி.யிலும் அடங்கும் என்றாலும் 100 ஜி.பி. ஒதுக்கினால் பிறகு நெருக்கடி இராது. நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் நல்லது.

நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் எதுவும் மாறாது. பில் அடிக்கும் பிரிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது, யு.பி.எஸ். அவசியம்.

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பலரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உள்ளது நம் ஊர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ சர்வதேசப் பொது நேரத்தை அதில் எழுதி வைக்கும். லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டக்கூடும். இணையத்தைத் துண்டித்து வைத்திருப்பதால் அது தானாகத் திருந்தவும் செய்யாது. அதிகாலை நாலு மணிக்கு லாரிக்குப் போட்ட பில்லில் முந்தைய நாள் இரவு பத்தரை மணி விழும். அன்று ஒன்றாம் தேதியாக இருந்துவிட்டால் சரக்கு போன மாதக் கணக்கில் ஏறிவிடும், ஜி.எஸ்.டி. கணக்கும் இடிக்கும். கடிகாரத்தில் ஊர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகும். நிறுவித் தருபவரிடம் அதையும் செய்யச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திறந்து நேரத்தைச் சரிபார்த்த பிறகு முதல் பில்லைப் போடுங்கள்.