காற்று புகுந்த வழி: கார் நிக்கோபாரின் இளம் மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்

கார் நிக்கோபாரில் வாகனப் பழுதுபார்ப்பைக் கற்றுவரும் இளம் மெக்கானிக்குக்கு,

ஹைட்ராலிக் கிளட்சிலிருந்து காற்றை வெளியேற்றுவது, பட்டறை வழக்கில் ஏர் எடுப்பது, இரண்டு பேரும் ஒரு ரிங் ஸ்பானரும் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முடிந்துவிடும் வேலை. அது அத்தனை எளிதாக இருப்பதனாலேயே அதுவே பழுதுநீக்கம் என்ற எண்ணமும் எளிதில் படிந்துவிடுகிறது. மூடிய குழாய்த் தொடருக்குள் காற்று இருக்கிறதென்றால் அது புகுந்த வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தனுப்பும் மெக்கானிக்கிடம் அதே வண்டி அதே குறையுடன் திரும்பி வரும். உதிரிபாகங்கள் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வடக்கே உள்ள போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரிலிருந்து, பெரும்பாலும் கப்பலில் வந்துசேர வேண்டிய இத்தீவில், எந்தப் பாகம் தேவை என்பதை முதல் நாளிலேயே சரியாகக் கண்டறிவது தொழில்திறனின் பெரும்பகுதி ஆகும்.

எல்லாக் கார்களிலும் இவ்வேலைக்கு இடமில்லை. மாருதி 800, ஆல்ட்டோ போன்ற சிறு வண்டிகளில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது கம்பிக் கேபிள். அங்கே பெடல் தளர்ந்தால் பார்க்க வேண்டியது கேபிளையே. இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் பெடலுக்குப் பின்னால் உள்ள மாஸ்டர் சிலிண்டர் திரவத்தை அழுத்த, அவ்வழுத்தம் குழாய் வழியாகக் கியர்பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டை எஞ்சினிலிருந்து விடுவிக்கிறது. திரவம் ஏறக்குறைய அமுங்காதது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. காற்றோ அமுங்கும்: குழாய்க்குள் அழுத்தம் இருபது மடங்கானால் ஒரு கன சென்டிமீட்டர் குமிழி இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், அந்தச் சுருக்கத்துக்கு ஈடான திரவம் ஸ்லேவ் சிலிண்டரைச் சென்றடைவதில்லை. ஸ்லேவின் தண்டு நகர வேண்டியதே சில மில்லிமீட்டர்தான் என்பதால், சிறு குமிழியும் கிளட்ச் முழுமையாக விடுபடாதபடி செய்துவிடுகிறது.

பெடல் மெத்தென்று இறங்குவதும், ரிவர்ஸ் கியர் நறநறவென்று விழுவதும், நாலைந்து முறை மிதித்தால் சற்று நேரம் சரியாவதும் காற்றுக்கான அறிகுறிகள். ஆயினும் ஸ்பானரை எடுக்குமுன் நான்கு இடங்களைப் பார்ப்பது முறை. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் தண்டு வெளிவரும் இடமும் அதன் கீழுள்ள தரைவிரிப்பும் ஈரமாக இருந்தால் மாஸ்டரின் சீல் போயிருக்கிறது. ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கும்போது திரவம் வழிந்தால் குறை அங்கே. ஹோஸின் இணைப்புகளில் கசிவு இருந்தால் அதன் வாஷரையும் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லாமல், மிதித்துப் பிடித்திருக்கும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், மாஸ்டருக்குள்ளேயே திரவம் சீலைத் தாண்டிப் பின்னோக்கி ஓடுகிறது என்று ஐயுறலாம்; அதை எத்தனை முறை ஏர் எடுத்தும் சரிசெய்ய முடியாது. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் தண்டைச் சுற்றி, பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே அமைந்திருக்கும். அவற்றில் பெல் ஹவுசிங்கின் அடியில் பிரேக் ஆயில் சொட்டினால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்பதால், தேய்ந்த கிளட்ச் பிளேட் முதலியவற்றையும் அதே கப்பலில் வரவழைப்பது அறிவுடைமை.

பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று வழங்கும் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதன் இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், அதில் 3.7 சதவீதம் நீர் கலந்தபின் 155 டிகிரி இருந்தால் போதும் என்று தரவரையறை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஈரம் அதை மாற்றுகிறது. அந்நீர் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்க, அக்குழிகள் சீலை உரசிக் கிழிக்க, காற்றுக்கான வழி பிறக்கிறது. ஆண்டு முழுதும் ஈரம் நிறைந்த இத்தீவில் பெரிய டப்பாவைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிடச் சிறு பாட்டில்களாக வாங்குவதும், எடுத்த பழைய திரவத்தை மறுபடி ஊற்றாதிருப்பதும் சிக்கனமே. எந்தத் தரம் என்பது திரவத் தொட்டியின் மூடியிலேயே எழுதப்பட்டிருக்கும். சிலிகோன் வகையான டாட் 5ஐ இதனுடன் கலக்கக் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். அடியில் படுக்க நேர்ந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டையும் வைக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள நிப்பிள் கடற்காற்றின் உப்பால் இறுகியிருந்தால், அதை வலிந்து திருகினால் ஒடிந்துவிடும் என்பதால், துருநீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ரிங் ஸ்பானரால் மெல்ல அசைப்பது நல்லது. தொட்டியை நிரப்பிய பின், நிப்பிளில் செருகிய கண்ணாடிபோன்ற குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலிலுள்ள புதுத் திரவத்தில் மூழ்கியிருக்க, உள்ளே இருப்பவர் பெடலை நிதானமாக அடிவரை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறக்கிறார். குமிழிகளும் திரவமும் வெளியேறியதும் நிப்பிளை மூடுகிறார். அதன் பிறகே பெடல் விடப்படுகிறது. இந்த வரிசை மாறினால் வெளியேறிய காற்று வந்த வழியே உள்ளே இழுக்கப்படும். காற்று நிறைந்த பெடல் தானாக எழாமல் தரையிலேயே கிடக்கலாம். அதைக் கையால் தூக்கிவிட வேண்டும். வேகமாக மிதிப்பது பெரிய குமிழியை நுண்ணிய நுரையாக்கி வேலையை நீட்டும். தொட்டி வற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்பதால் சில மிதிகளுக்கு ஒருமுறை அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெடல் மெத்தென்றே இருந்தால், குழாயின் வளைந்து உயர்ந்த பகுதியில் காற்று தங்கியிருக்கக்கூடும். காற்று மேலே செல்லும் தன்மையது என்பதால், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் நிப்பிள் வழியாகப் புதுத் திரவத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளுவது பல நேரங்களில் பலனளிக்கும். தொட்டியில் முன்பே ஓரளவு இடம் வைத்துக்கொண்டால் வழியாது. உதவிக்கு ஆளில்லாதவருக்கும் இதுவே ஏற்ற வழி.

இத்திரவம் பெயின்டைக் கரைக்கும், கண்ணை எரிக்கும்; பட்ட இடத்தை உடனே நீரால் கழுவ வேண்டும். இதுபோன்ற பவளப்பாறைத் தீவுகளின் நன்னீர், கடல்நீரின்மேல் மெல்லிய அடுக்காக நிற்பது. பாறையின் துளைகள் வழியாக மேலே ஊற்றுவது கிணற்றை அடையும். ஆகவே கழிவுத் திரவத்தை மண்ணில் கொட்டாமல், மூடிய பாட்டிலில் சேர்த்துவைத்து, முறையாக அகற்றக் கொடுப்பது இத்தொழிலின் கடமைகளில் ஒன்று.

பெடல் உறுதியானதும் வண்டியை ஒப்படைக்கத் தோன்றும். அதற்குமுன் தொட்டியின் வெளிப்புறத்தில் திரவ மட்டத்தைக் கோடிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் அதைப் பார்க்குமாறு உரிமையாளரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். பல கார்களில் அந்தத் தொட்டி பிரேக்குக்கும் பொதுவானது என்பதால் மட்டம் இறங்குவதை அலட்சியப்படுத்த முடியாது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வழி இன்னும் அடைபடவில்லை. அடுத்த கப்பலுக்கான உதிரிபாகப் பட்டியலை அன்றே எழுதிவிட வேண்டும்.

நலம் நாடும்
தொழில்துறை நண்பர்