முட்டை வெள்ளைக்கரு கேக் யாருக்குச் சொந்தம்?



சத்துணவில் நமக்கு அவித்த முட்டை தருகிறார்கள் அல்லவா? அதில் மஞ்சளைச் சுற்றி இருக்கிற வெள்ளைக்கருவை வைத்து ஒரு இனிப்பு செய்கிறார்கள். அது எங்களுடையதுதான் என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பல வருஷமாகச் சண்டை போடுகின்றன! அந்த இனிப்பின் பெயர் பாவ்லோவா. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெரிங் என்றால் என்ன?

வெள்ளைக்கருவோடு சீனி சேர்த்து நுரை பொங்க அடித்து, குறைந்த சூட்டில் வேக வைத்தால் கிடைப்பது மெரிங். இந்தப் பெயர் 1692-இல் பிரான்சில் மாஸியாலோ என்ற சமையல்காரர் எழுதிய புத்தகத்தில் வருகிறது. ஆனால் அதே மாதிரி பண்டத்தின் செய்முறையை 1604-லேயே இங்கிலாந்தில் எலினோர் ஃபெட்டிபிளேஸ் என்ற பெண்மணி தன் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

இதில் உள்ள அறிவியல்

வெள்ளைக்கருவில் 100-க்கு சுமார் 90 பங்கு தண்ணீர், 10 பங்கு புரதம். புரதம் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். வேகமாக அடிக்கும்போது சுருள் பிரிந்து, உள்ளே போகிற காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். சீனி அந்தத் தண்ணீரோடு கலந்து கெட்டியாகி, நுரை உடையாமல் காக்கும். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. ஏனென்றால் அதில் கொழுப்பு இருக்கிறது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் அப்படித்தான்.

பாவ்லோவாவுக்கு இதோடு கொஞ்சம் வினிகரும் சோளமாவும் சேர்ப்பார்கள். சுமார் 120 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, அடுப்புக்குள்ளேயே ஆற விடுவார்கள். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்கும். அதன் மேல் பாலாடைக் கிரீமும் பழத்துண்டுகளும் வைப்பார்கள். அங்கே டிசம்பர் மாதம் கோடைகாலம். அதனால் கிறிஸ்துமஸுக்கு இதைக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவார்கள்.

பெயர் வந்த கதை

அன்னா பாவ்லோவா (1881–1931) ரஷ்ய நாட்டு நடனக் கலைஞர். 1926-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் ஆடினார். 1929-இல் மறுபடியும் ஆஸ்திரேலியா போனார். அவர் புகழைப் பார்த்து இனிப்புக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியா சொல்வது

1935-இல் பெர்த் நகரத்து எஸ்பிளனேட் ஹோட்டலில் பெர்ட் சாக்சே என்ற சமையல்காரர் இதைச் செய்தார் என்கிறார்கள். பாவ்லோவாவைப் போலவே லேசாக இருக்கிறது என்று அங்கே யாரோ சொன்னதால் இந்தப் பெயர் வந்ததாம். ஆனால் சாக்சேயே 1973-இல், ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த மெரிங் கேக் குறிப்பைப் பார்த்து, அதை இன்னும் நன்றாகச் செய்யத்தான் முயன்றேன் என்று சொல்லியிருக்கிறார்.

நியூசிலாந்து சொல்வது

ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் லீச் என்ற பேராசிரியை பழைய சமையல் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நூற்றுக்கணக்கில் தேடிப் படித்து, 2008-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1929-லேயே பாவ்லோவா கேக் குறிப்பு நியூசிலாந்தில் அச்சாகியிருக்கிறது என்று காட்டினார். அது சாக்சேக்கு ஆறு வருஷம் முந்தி!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1927-இல் அங்கே பாவ்லோவா என்ற பெயரில் வந்தது கேக்கே இல்லை, பல நிறத்தில் அடுக்கடுக்காகச் செய்யும் ஜெல்லி. அதாவது பெயர் இருந்தது, பண்டம் வேறு. 1926-இல் வந்த ஒரு சமையல் நூலிலோ மெரிங்கில் பழம் வைக்கும் குறிப்பு இருந்தது, பாவ்லோவா என்ற பெயர் இல்லை.

அப்போ யாருக்குத்தான் சொந்தம்?

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. முதலில் செய்தவர், முதலில் பெயர் வைத்தவர், முதலில் எழுதி வைத்தவர், இந்த மூன்று பேரும் ஒரே ஆளாக இருக்கணும்னு இல்லை. 2015-இல் ஒரு நியூசிலாந்துக்காரரும் ஒரு ஆஸ்திரேலியப் பெண்ணும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மெரிங், கிரீம், பழம் மூன்றும் சேர்ந்த கேக் அதற்கும் முன்னாலேயே ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இருந்து அமெரிக்கா வரை போயிருக்கிறது என்றார்கள்.

எல்லாரும் ரொம்ப நாளாக ஹோட்டல் சமையல்காரர் பெயரைத்தான் சொன்னார்கள். வீட்டில் செய்து பார்த்துப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய பெண்கள் பலருடைய பெயரை யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் எழுதிய காகிதம் இருந்ததால்தான் பின்னால் உண்மை தெரிந்தது.

நம்ம பக்கத்து மெரிங்

தூத்துக்குடி மக்ரூனும் மெரிங் வகைதான்! வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு மூன்றும் சேர்த்துச் செய்வது. ஐரோப்பாவில் மக்ரூனுக்குப் பாதாம் போடுவார்கள், இங்கே முந்திரி போடுகிறார்கள். முந்திரி மரம் பிரேசிலில் இருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. மக்ரூனும் அவர்கள் வழியாக வந்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதன்முதலில் பாதாமை விட்டுவிட்டு முந்திரியைப் போட்ட கை யாருடைய கை? பெயர் தெரியாது.

அதனால் தோழிகளே, தோழர்களே, உங்கள் வீட்டில் ஆச்சியோ அம்மாவோ செய்கிற ஒரு பலகாரத்தை அளவோடு கேட்டு எழுதி வையுங்கள். கீழே அவங்க பெயர், ஊர், தேதி மூன்றையும் மறக்காமல் போடுங்கள். பெண்கள் மட்டும்தான் எழுதணும்னு இல்லை, பையன்களும் எழுதலாம்!

விடை சொல்லுங்கள்:
1. மஞ்சள்கரு விழுந்தால் நுரை ஏன் எழும்பாது?
2. 1927-இல் பாவ்லோவா என்ற பெயரில் வந்தது எது?
3. ஒரு பண்டம் யாருக்குச் சொந்தம்: செய்தவருக்கா, பெயர் வைத்தவருக்கா, எழுதியவருக்கா? (இதற்கு உங்கள் சொந்தக் கருத்தை எழுதுங்கள்.)



— ஒன்பதாம் வகுப்பு மாணவி