கூட்ட அறிக்கையில் வரும் இலத்தீன் சொற்கள்

நமது சங்கத்தின் யாப்பும் கூட்ட அறிக்கைகளும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அவற்றில் இலத்தீன் மொழிச் சொற்கள் பல உண்டு. பொருளறியாது எழுதினால் விதியே மாறிவிடும். ஆகவே சிலவற்றை இம்முறை கற்போம்.

1. ஐ.ஈ., ஈ.ஜி.
'ஐ.ஈ.' என்பது 'இட் எஸ்ட்' என்பதன் சுருக்கம், பொருள் 'அதாவது'. 'ஈ.ஜி.' என்பது 'எக்ஸெம்ப்ளி க்ராஷியா', பொருள் 'உதாரணமாக'. "சமய விழாக்களுக்கு மண்டபம் இலவசம், ஐ.ஈ. நவராத்திரி, சிவராத்திரி" என்று எழுதினால் அவ்விரண்டுக்கு மட்டுமே இலவசம். கந்தசஷ்டிக்குக் கேட்டுவரும் அங்கத்தவருக்கு நாம் இல்லையென்று சொல்ல நேரிடும். 'ஈ.ஜி.' என்று எழுதியிருந்தால் கந்தசஷ்டியும் அடங்கும்.

2. எட்செட்டரா
'எட்' என்றாலே ஆங்கிலத்தில் 'அண்ட்' தான். எனவே 'அண்ட் எட்செட்டரா' என்பது பிழை. 'ஈ.ஜி.' என்று தொடங்கிய பட்டியலின் இறுதியிலும் இது வேண்டாம்.

3. எக்ஸ் ஒஃபீஷியோ
'எக்ஸ் பிரசிடென்ட்' என்றால் முன்னாள் தலைவர். அதை வைத்து இதனையும் 'முன்னாள்' என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் 'பதவியின் வழியாக' என்பதே பொருள். பிரதம குருக்கள் 'எக்ஸ் ஒஃபீஷியோ' உறுப்பினர் என்று யாப்பில் இருந்தால், அப்பதவியில் இருக்கும்வரை அவர் சபையில் இருப்பார். பதவியை விட்டால் உறுப்புரிமையும் போய்விடும்.

4. குவோரம்
கூட்ட நடப்பெண். வந்தவர் தொகை அன்று. வரவேண்டிய மிகக் குறைந்த தொகை. விதி 40 என்றால், 80 பேர் வந்தாலும் குவோரம் 40 தான்.

5. அட் ஹொக்
'இதற்காக' என்பது பொருள். தேர்த் திருவிழாவுக்கென அமைத்த 'அட் ஹொக்' குழு, அவ்வேலை முடிந்ததும் கலையும்.

6. அஜெண்டா
இலத்தீனில் இது பன்மை; 'செய்யவேண்டியவை'. இன்றைய ஆங்கிலத்தில் ஒருமை. "தி அஜெண்டா இஸ் ரெடி" என்பதே சரி.

பயிற்சி
பிழை திருத்துக:
அ) "பிரிங் ரைஸ், டால், அண்ட் எட்செட்டரா."
ஆ) "ப்ரூட்ஸ், ஐ.ஈ. மாங்கோ, ஆர் வெல்கம்." (எப்பழமும் கொண்டுவரலாம் என்பது கருத்து.)

விடை: அ) 'அண்ட்' நீக்குக. ஆ) 'ஐ.ஈ.' அன்று, 'ஈ.ஜி.'

எழுதியதைப் பிள்ளைகளிடம் காட்டித் திருத்துவதில் வெட்கமில்லை. ஆனால் நாம் கையொப்பமிடும் கடிதத்தின் பொருள் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.