மலை தேடிய நுண்துகள்

நுழையும்முன்

தாளில் எழுதிய கணக்கிலிருந்து பிறந்த துகள் நியூட்ரினோ. அதனை ஆராய்வதற்குத் தேனி மாவட்டத்து மலையொன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அணுக்கருவுக்குள் எழுந்த ஒரு வினா, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த நிலம் அது. இப்பகுதியில், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தின் அருகே போடி மேற்கு மலை உயர்ந்து நிற்கிறது. இம்மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க வேண்டும் என்ற திட்டம், அறிவியல் உலகிலும் மக்கள் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பேசப்பட்டு வருகிறது. அத்திட்டத்தைப் புரிந்துகொள்ள முதலில் அத்துகளின் கதையை அறிய வேண்டும்.

கணக்கில் பிறந்த துகள்

சில அணுக்கருக்கள் நிலையற்றவை. அவற்றுள் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரான் வெளியேறும். இதனைப் பீட்டாச் சிதைவு என்பர். ஒரே வகை அணுக்கரு சிதையும்போது வெளியேறும் எலக்ட்ரான்கள் யாவும் ஒரே அளவு ஆற்றலைப் பெற்றிருக்க வேண்டும் என அறிஞர்கள் எதிர்பார்த்தனர். ஆய்வு முடிவுகளோ வேறாக இருந்தன. ஓர் எலக்ட்ரான் மிகுந்த ஆற்றலுடனும் மற்றொன்று குறைந்த ஆற்றலுடனும் வெளியேறின. எஞ்சிய ஆற்றல் எங்கே போயிற்று?

போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஒரே அளவாகக் கட்டிய ஏலக்காய் மூட்டைகள், நிறுக்கும்போது வெவ்வேறு எடை காட்டுவதாகக் கொள்வோம். ஒன்று, தராசு பழுதாகியிருக்க வேண்டும்; அன்றேல், எவர் கண்ணிலும் படாமல் ஏதோ ஒன்று மூட்டையிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதி என்னும் தராசையே ஐயுற்றார் நீல்ஸ் போர். காணாத ஒன்று வெளியேறுகிறது என்றார் உல்ஃப்காங் பவுலி. மின்னூட்டமற்ற நுண்துகள் ஒன்று எலக்ட்ரானுடன் வெளியேறி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கிறது என்னும் கருத்தை, 1930 டிசம்பர் 4ஆம் நாள் எழுதிய கடிதத்தில் அவர் முன்வைத்தார்.

இக்கருத்தை முழுமையான கோட்பாடாக 1934இல் வளர்த்தெடுத்தவர் இத்தாலிய அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மி. நியூட்ரினோ என்னும் பெயரையும் அவர் பரவச் செய்தார். அதே ஆண்டில் ஹான்ஸ் பெத்தே, ருடால்ஃப் பையர்ல்ஸ் ஆகிய இருவரும் இத்துகள் பருப்பொருளுடன் எவ்வளவு அரிதாக வினைபுரியும் எனக் கணக்கிட்டனர். இதனைக் காண்பது நடைமுறையில் இயலாது என்றே முடிவு செய்தனர். ஆயினும் 1956இல் கிளைட் கோவன், ஃபிரடெரிக் ரெய்ன்ஸ் ஆகியோர் அமெரிக்காவில் அணு உலை ஒன்றின் அருகே கருவி அமைத்து நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டறிந்தனர். கோட்பாடு காட்டிய துகளைக் கருவி கண்டுகொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

தெரியுமா?

நியூட்ரினோ ஈடுபடும் மென்விசையின் இயல்பை விளக்கும் 'வி – ஏ' கோட்பாட்டை 1957இல் ராபர்ட் மார்ஷாக்குடன் இணைந்து உருவாக்கியவர் இ.சி.ஜி. சுதர்சன். கேரளத்தில் பிறந்த இவர், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர்.

உருமாறும் இயல்பு

கதிரவனின் உள்ளே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது அளவிறந்த நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. புவியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடிக் கதிரவ நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. நம் விரல்நகத்தின் ஊடே அவை இரவும் பகலும் செல்கின்றன; நாம் உணர்வதில்லை.

ரேமண்ட் டேவிஸ் அமெரிக்கச் சுரங்கம் ஒன்றில் இவற்றை எண்ணத் தொடங்கியபோது, கோட்பாடு கூறிய எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. மீண்டும் ஒரு கணக்கு நேர்படவில்லை. எலக்ட்ரான், மியூவான், டௌ என நியூட்ரினோ மூவகைப்படும். செல்லும் வழியில் ஒரு வகை மற்றொரு வகையாக உருமாறுகிறது என்பதே இப்புதிருக்கு விடையாயிற்று. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998இல் வளிமண்டல நியூட்ரினோக்களிலும், கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆண்டுகளில் கதிரவ நியூட்ரினோக்களிலும் இவ்வுண்மையை நிறுவின. இதற்காக டகாக்கி கஜிட்டா, ஆர்தர் மெக்டொனால்ட் இருவரும் 2015ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

உருமாற வேண்டுமெனில் நியூட்ரினோவுக்கு நிறை இருத்தல் வேண்டும். மூன்று நிறைநிலைகளுள் மூன்றாவது மிகக் கனமானதா, மிக இலேசானதா என்னும் நிறை வரிசை வினா இதிலிருந்து எழுந்தது. பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட ஆய்வகம் விடைகாண முனைந்தது இவ்வினாவுக்கே.

கோலாரிலிருந்து பொட்டிப்புரம் வரை

நியூட்ரினோ ஆய்வில் இந்தியா புதிதாக நுழைந்த நாடன்று. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் சுவட்டை 1965இல் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கவயல். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கில அறிஞர்களுடன் இணைந்து, நிலத்துக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் இவ்வாய்வை நிகழ்த்தினர். சுரங்கப்பணி நலிவுற்றபோது ஆய்வுக்கூடமும் மூடப்பட்டது.

விட்ட இடத்திலிருந்து தொடரும் நோக்குடன் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் உருவாயிற்று. அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் இதில் பெரும்பங்கு வகித்தனர். அந்நிறுவனத்தின் பேராசிரியர் ஜி. இராஜசேகரன் இத்திட்டத்தின் தேவையைத் தொடர்ந்து வலியுறுத்தியவர்களுள் ஒருவர். முதலில் நீலகிரியின் சிங்காரா பகுதி தேர்வாயிற்று. அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்தமையால் கைவிடப்பட்டுப் போடி மேற்கு மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் இத்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது.

மலை எதற்கு?

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, மியூவான்களையும் நியூட்ரினோக்களையும் தோற்றுவிக்கின்றன. தரைமட்டத்தில் மியூவான்கள் மழைபோல் பொழிந்துகொண்டிருப்பதால், நியூட்ரினோவின் அரிய சுவடு அவற்றிடையே மறைந்துவிடும். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த பாறை மேலே கவிந்திருந்தால் மியூவான்கள் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நியூட்ரினோக்களோ தடையின்றி உள்ளே வரும். போடி மேற்கு மலையின் சார்னோகைட் பாறை, இதற்கேற்ற உறுதி உடையது. மலையுள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம்.

இரும்பில் மோதும் நியூட்ரினோ ஒரு மியூவானைத் தோற்றுவிக்கும். காந்தப்புலத்தில் எதிர்மின் மியூவான் ஒரு பக்கமும் நேர்மின் மியூவான் மறுபக்கமும் வளையும். அவ்வளைவைக் கொண்டு, வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா எனப் பிரித்தறியலாம். புவியின் உட்பகுதியைக் கடந்து வரும்போது இவ்விரண்டும் உருமாறும் அளவு வேறுபடும் என்பது கோட்பாடு. அவ்வேற்றுமை நிறை வரிசையைக் காட்டிக்கொடுக்கும்.

பள்ளத்தாக்கின் வினாக்கள்

திட்டச் செய்தி ஊர்களை எட்டியபோது அச்சங்கள் எழுந்தன. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்பது அவற்றுள் ஒன்று. ஆய்வகம் இருப்பினும் இல்லாவிடினும் இயற்கை நியூட்ரினோக்கள் ஊர்களையும் உடல்களையும் ஊடுருவிக்கொண்டேயிருக்கின்றன. எனவே, இவ்வச்சத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

எல்லா வினாக்களும் அவ்வாறு எளிதில் நீங்குவன அல்ல. பாறையை வெடிவைத்துப் பிளக்கும்போது நிலத்தடி நீர்வழிகள் என்னாகும்? வெட்டியெடுத்த கல்லும் தூசியும் எங்கே சேரும்? காடும் மேய்ச்சல் நிலமும் எவ்வளவு மாறும்? மலையின் சிற்றாறுகளை நம்பி வாழும் உழவர் இவற்றைக் கேட்டனர். சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் அரசியல் இயக்கத்தினரும் வழக்குத் தொடுத்தனர். கேரளத்தின் மதிகெட்டான்சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் நடுவண் அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலும் தேவை எனத் தீர்ப்பாயம் கூறியது. புலிகளின் வழித்தடமும் வைகையின் நீர்ப்பிடிப்பும் பாதிக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

கோட்பாடும் நிலமும்

மலை குடையப்படவில்லை, எனினும் ஆய்வு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. மதுரையில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி அமைத்து, காஸ்மிக் கதிர் மியூவான்களை இளம் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நிறை வரிசை வினாவுக்கு விடை தேடி, சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025இல் தரவு சேகரிக்கத் தொடங்கிற்று. இந்தியா காலம் தாழ்த்துகிறது என்னும் அறிஞரின் கவலையில் பொருள் உண்டு. ஒருமுறை உடைத்த மலையை மீண்டும் ஒட்டவைக்க இயலாது என்னும் உழவரின் கவலையிலும் பொருள் உண்டு.

பவுலிக்குத் தேவைப்பட்டவை ஒரு தாளும் எழுதுகோலுமே. அக்கருத்தைச் சோதிக்கப் புகுந்தபோது அறிவியலுக்கு இரும்பும் பாறையும் நிலமும் தேவைப்பட்டன. நிலம் என்பது வெறும் பாறையன்று. நீரும் காடும் அவற்றைச் சார்ந்த உயிர்களும் சேர்ந்ததே நிலம். கணக்கில் ஒரு சிறு குறை தென்பட்டபோது அதைப் புறக்கணிக்காமல் ஆராய்ந்ததால்தான் நியூட்ரினோ கிடைத்தது. ஊர்மக்கள் எழுப்பும் வினாவையும் அவ்வாறே புறந்தள்ளாமல் ஆராய்வது அறிவியல் மனப்பான்மையின் மற்றொரு பக்கமாகும்.

கற்பவை கற்றபின்

1. பீட்டாச் சிதைவில் குறைந்த ஆற்றலை விளக்கப் போரும் பவுலியும் மேற்கொண்ட அணுகுமுறைகளை ஒப்பிட்டு எழுதுக.

2. நியூட்ரினோ ஆய்வகம் குறித்த அச்சங்களுள் அறிவியல் அடிப்படை இல்லாதவற்றையும், ஆராயத்தக்கவற்றையும் பிரித்துப் பட்டியலிடுக.

3. 'அடிப்படை ஆராய்ச்சியும் இயற்கைப் பாதுகாப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.