காசநோய்த் தடுப்பூசி புற்றுநோய் மருந்தான கதை

மாணவ நண்பர்களே, உங்கள் இடது கையின் மேற்பகுதியைச் சற்றுப் பாருங்கள். அங்கே சிறு தழும்பு ஒன்று தெரிகிறதா? நம்முள் பெரும்பாலோருக்கு அது இருக்கும். பிறந்த சில நாள்களிலேயே போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. காசநோயிலிருந்து குழந்தைகளைக் காக்கவே அந்த ஊசி போடப்படுகிறது.

அதே பி.சி.ஜி. இன்று சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய்க்கும் மருந்தாகப் பயன்படுகிறது. வியப்பாக இருக்கிறதல்லவா? காசநோய்க் கிருமிக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? இந்த எண்ணம் எப்படித் தோன்றியது? அது உண்மையிலேயே பயன் தருகிறது என்பதை எவ்வாறு அறிந்தார்கள்? இம்மூன்று கேள்விகளுள் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. ஏன் என்பதைப் போகப் போகக் காண்போம்.

சிறுநீர்ப்பையும் நச்சுப் பொருள்களும்

சிறுநீரகங்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்து கழிவுகளைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அச்சிறுநீர் இரு குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் தேங்குகிறது. சிறுநீர்ப்பை என்பது தசையாலான ஒரு பை. அதில் ஏறத்தாழ அரை லிட்டர் சிறுநீர் தங்கும். பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கிறது.

உடலுக்குள் புகும் நச்சுப் பொருள்கள் பலவும் சிறுநீரோடு இப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கின்றன. அதனால் உட்படலத்தின் செல்கள் கெடக்கூடும். 1895ஆம் ஆண்டிலேயே லுட்விக் ரேன் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதைச் சுட்டிக் காட்டினார். சாயத் தொழிலில் பயன்பட்ட சில வேதிப்பொருள்களே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அவற்றைப் போன்ற பொருள்கள் புகையிலைப் புகையிலும் உள்ளன. இன்று இந்நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புகைபிடித்தலே காரணம் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வருவதாகும். வலி இல்லையே என்று வாளாவிருந்துவிடக் கூடாது. கண்டறியப்படும் வேளையில் நான்கில் மூன்று பேருக்கு நோய் உட்படலத்தோடு நின்றிருக்கும். மருத்துவர் சிறுநீர்ப் பாதை வழியே ஒரு கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவார். ஆனால் வயலில் கோரையைப் பிடுங்கினால் மீண்டும் முளைப்பதுபோல், கட்டியும் பலருக்குத் திரும்பத் திரும்பத் தோன்றும். அது ஆழமாகச் சென்று தசையைத் துளைத்துவிட்டால், சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டிய நிலை ஏற்படலாம். அந்நிலை வராமல் தடுப்பதே மருத்துவரின் நோக்கம்.

ஒரு தவறான தடயம்

1929இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ரேமண்ட் பேர்ல் என்னும் அறிஞர் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்றுநோயால் இறந்தவர்களின் உடல்களில் காசநோய் குறைவாகவும், மற்றவர்களின் உடல்களில் மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். அப்படியானால் காசநோய்க் கிருமி புற்றுநோயைத் தடுக்கிறதோ?

இங்கே ஒரு பிழை ஒளிந்திருந்தது. நம் பள்ளியின் கால்பந்து வீரர்களுள் மூக்குக் கண்ணாடி அணிவோர் குறைவா என்று அறிய விரும்புகிறோம் எனக் கொள்வோம். அவர்களைக் கண் மருத்துவமனை வாசலில் காத்திருப்போருடன் ஒப்பிட்டால் என்ன ஆகும்? கால்பந்து ஆடினால் கண் கெடாது என்ற முடிவுக்கல்லவா வருவோம்! பேர்ல் ஒப்பிட்ட 'மற்றவர்களுள்' பலர் காசநோயாலேயே இறந்தவர்கள். வேறு ஆய்வாளர்கள், புற்றுநோயால் இறந்தவர்களை இதய நோயால் இறந்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கில் வளர்ந்த கிருமி

இதற்கிடையே பிரான்சில் பி.சி.ஜி. பிறந்திருந்தது. லீல் நகரிலிருந்த பாஸ்டர் நிலையத்தில் கால்மெட் என்னும் மருத்துவரும் குவேரின் என்னும் கால்நடை மருத்துவரும், மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை எடுத்துக் கொண்டனர். கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கில் அதை வளர்த்தனர். வளர்ந்ததிலிருந்து சிறிது எடுத்து மீண்டும் வளர்த்தனர். 1908 முதல் 13 ஆண்டுகளில் இவ்வாறு 230 முறை செய்தனர். இறுதியில் கிருமி உயிரோடு இருந்தது. ஆனால் நோய் உண்டாக்கும் வலிமையை இழந்திருந்தது. 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது.

1959இல் அமெரிக்காவில் லாயிட் ஓல்டும் அவருடைய துணைவர்களும், பி.சி.ஜி. செலுத்தப்பட்ட சுண்டெலிகளில் புற்றுக்கட்டி வளர்வது தடைப்படுவதைக் காட்டினர். உடனே பல மருத்துவர்கள் பல்வேறு புற்றுநோய்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தனர். தொடக்கத்தில் நம்பிக்கை மிகுந்தது. ஆனால் சரியான ஒப்பீடுகள் வந்தபோது பெரும்பாலானவற்றில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

எனினும் விலங்கு ஆய்வுகளிலிருந்து சில உண்மைகள் கிடைத்தன. கிருமி கட்டியை நேரடியாகத் தொட வேண்டும்; கட்டி சிறியதாக இருக்க வேண்டும்; நோயாளியின் உடலுக்கு எதிர்க்கும் ஆற்றல் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குச் சிறுநீர்ப்பை நன்கு பொருந்துகிறது அன்றோ? அது ஒரு பை. மருந்தை அதற்குள் ஊற்றிச் சிறிது நேரம் தேக்கி வைக்கலாம். பெரிய கட்டிகளை முன்கூட்டியே சுரண்டி எடுத்துவிடலாம்.

ஆறு குப்பிகள்

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் ஆல்வாரோ மொராலஸ் என்னும் மருத்துவர் இதைச் செய்து பார்த்தார். மெல்லிய குழாய் வழியே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார். தோலிலும் ஊசி போட்டார். வாரம் ஒரு முறையாக ஆறு வாரங்கள் சிகிச்சை தொடர்ந்தது. ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த பி.சி.ஜி. பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன, அவ்வளவுதான்! ஏன் வாரம் ஒரு முறை? மருந்தால் உண்டாகும் எரிச்சலும் காய்ச்சலும் ஒரு வாரத்திற்குள் அடங்கிவிட்டன.

1976இல் 9 நோயாளிகளைப் பற்றிய முடிவை அவர் வெளியிட்டார். சிகிச்சைக்கு முன் 77 நோயாளி-மாதங்களில் 22 முறை கட்டி திரும்பியிருந்தது. ('நோயாளி-மாதம்' என்பது ஒருவரை ஒரு மாதம் கவனித்ததைக் குறிக்கும்.) சிகிச்சைக்குப் பின் 41 நோயாளி-மாதங்களில் ஒரே ஒரு முறைதான் திரும்பிற்று. கணக்கிட்டுப் பாருங்கள். 22ஐ 77ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.29. 1ஐ 41ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.024. அதாவது நோய் திரும்பும் வேகம் ஏறக்குறைய 12 மடங்கு குறைந்தது.

சிறந்த முடிவுதான், ஆனால் போதுமா? போதாது. நோயாளிகள் ஒன்பதே பேர். ஒப்பீடும் அவர்களுடைய சொந்தக் கடந்த காலத்தோடுதான். மருந்து இல்லாமலே சிலருக்கு நோய் தணிந்திருக்கலாமே!

சீட்டுக் குலுக்கல்

இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. நோயாளிகளின் சம்மதத்தைப் பெற்று, அவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு குழுக்களாகப் பிரிப்பது. மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ பிரிவினையில் புகக் கூடாது. அப்போது வயது, நோயின் கடுமை, பழக்கவழக்கங்கள் எல்லாம் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஒரு குழுவுக்குப் புதிய மருந்து தரப்படும். மற்றக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. பின்னர் தோன்றும் பெரிய வேறுபாட்டுக்கு மருந்தே காரணம் என்று நம்பலாம்.

இம்முறையில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் லாம் பி.சி.ஜி.யைச் சோதித்து 1980இல் முதல் முடிவை வெளியிட்டார். அறுவையோடு பி.சி.ஜி.யும் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. 1990இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. 2000ஆம் ஆண்டில் 384 நோயாளிகளைப் பற்றிய மற்றொரு ஆய்வு வெளிவந்தது. ஆறு வாரச் சிகிச்சையோடு நிறுத்தியவர்களுள் பாதிப் பேருக்கு 35.7 மாதங்களுக்குள் நோய் திரும்பிற்று. மூன்று ஆண்டு வரை இடையிடையே மருந்து பெறும் குழுவிலோ இக்காலம் 76.8 மாதங்களாக நீண்டது. ஆனால் தொல்லைகள் மிகுதியாக இருந்ததால், அத்திட்டத்தை முழுமையாக முடித்தவர்கள் 16 சதவீதத்தினரே.

பி.சி.ஜி. என்ன செய்கிறது?

பி.சி.ஜி. புற்றுச் செல்களை நஞ்சுபோல் நேரே கொல்லும் மருந்து அன்று. உட்படலத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உடனே அபாய அறிவிப்புபோல் சில வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. வெள்ளணுக்களின் பல வகைகள் படையாகத் திரண்டு வருகின்றன. கிருமியைத் தேடி வந்த காவலர்கள், அதுவரை கண்ணில் படாமல் பதுங்கியிருந்த புற்றுச் செல்லையும் அடையாளம் கண்டு அழிக்கிறார்கள் எனலாம். ஆயினும் இது உயிருள்ள கிருமி. சிறுநீரில் இரத்தம் வரும்போது இதைச் செலுத்தினால் அது இரத்தத்தில் கலந்துவிடக் கூடும். ஆதலால் மருத்துவர்கள் மிக்க எச்சரிக்கையோடு கையாளுகிறார்கள்.

அண்மைக் கால ஆய்வுகள்

பி.சி.ஜி. மெல்ல வளரும் கிருமி. நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இதற்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆகவே திடீரென்று உற்பத்தியைப் பெருக்க இயலாது. 2012இல் கனடாவிலிருந்த ஒரு பெரிய உற்பத்திக்கூடம் தடைப்பட்டபின் பல நாடுகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆறு என்ற எண்ணிக்கையே பெட்டியைப் பார்த்து வந்ததுதானே. குறைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

ஐரோப்பிய மருத்துவர்கள் இதையே சோதித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான 15 முறை. மற்றதற்கு 9 முறை. 2020இல் வெளியான முடிவு இது: 15 முறை பெற வேண்டிய 175 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பிற்று, 9 முறை பெற வேண்டிய 170 பேரில் 46 பேருக்குத் திரும்பிற்று. வேறுபாடு தெளிவாகத் தெரிந்தவுடன் ஆய்வில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தற்செயலாக வந்த எண்ணானாலும், அதைக் குறைத்தது நோயாளிக்கு நட்டமாயிற்று.

பி.சி.ஜி.யின் ஆற்றலைக் கூட்ட முடியுமா என்பது மற்றொரு முயற்சி. நம் வெள்ளணுக்களுக்கு ஒரு தடைக்கருவி உண்டு. வண்டியின் பிரேக் போன்றது. புற்றுச் செல்கள் அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளைப் பி.சி.ஜி.யோடு சேர்த்துக் கொடுத்த மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. துர்வாலுமாப் சேர்த்த ஆய்விலும் சசன்லிமாப் சேர்த்த ஆய்விலும், நோய் திரும்புதல் முதலிய கேடுகள் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கடுமையான பக்க விளைவுகள் மிகுந்தன. நோயாளிகள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது அவற்றில் நிலைநாட்டப்படவில்லை. அட்டிசோலிசுமாப் சேர்த்த மூன்றாம் ஆய்விலோ பயனே தெரியவில்லை. மூன்றும் ஒரே கருத்தில் பிறந்தவை; ஆயினும் முடிவு ஒன்றாக இல்லை. கருத்து நன்றாக இருப்பது மட்டும் போதாது. சோதித்துப் பார்த்தே தீர வேண்டும்.

நம் மாவட்டத்திலும் ஓர் ஒப்பீடு

பி.சி.ஜி.யைப் பற்றிய மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கியது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இலட்சக்கணக்கான மக்கள் அதில் பங்கு பெற்றனர். வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்பது அதன் ஏமாற்றம் தரும் முடிவு. எனினும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. ஒரே மருந்து, ஓரிடத்தில் எதிர்பார்த்ததைச் செய்யவில்லை, வேறோரிடத்தில் எதிர்பாராததைச் செய்தது. இரண்டையும் நமக்குச் சொன்னது ஒப்பீடுதான்.

இனி யாரேனும், "இந்த மருந்தைச் சாப்பிட்டேன், குணமாயிற்று" என்று சொன்னால், அவரை ஏளனம் செய்ய வேண்டாம். மொராலசின் ஒன்பது நோயாளிகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: "எதனோடு ஒப்பிட்டு?"

செய்து பாருங்கள்

1. ஐரோப்பிய ஆய்வின் இரு குழுக்களிலும் நோய் திரும்பியவர்கள் எத்தனை சதவீதம்? ஒன்று மற்றதைப் போல் ஏறக்குறைய எத்தனை மடங்கு?

2. காலையில் உடற்பயிற்சி செய்யும் மாணவர்கள் அதிக மதிப்பெண் பெறுகிறார்களா என்று அறிய விரும்புகிறீர்கள். அவர்களை யாரோடு ஒப்பிடுவீர்கள்? பேர்ல் செய்த பிழை நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?