பவுடர் டின்னைத் திறக்கும் முன்

யட்டியாந்தோட்டை

அன்பு மகளுக்கு, மாமா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. ஓட்டப் பயிற்சி முகாமில் பெரிய அக்காமார் ஏதோ பவுடர் கரைத்துக் குடிப்பதாகவும், உனக்கும் ஒரு டின் தந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். "எல்லாரும் எடுக்கிறாங்க, மாட்டுறவதான் கள்ளி" என்று அவர்கள் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி: தெரியாமல் உடம்புக்குள் போனதற்கும் தண்டிப்பது என்ன நியாயம்?

சுசந்திக்கா ஜயசிங்கவை நினைத்துக்கொள். நம் கேகாலை மாவட்டத்துப் பிள்ளை, வரக்காப்பொலைப் பக்கம் உடுவக்கையில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீட்டரில் வெள்ளி எடுத்தார். அடுத்த வருடமே சோதனையில் நண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்து இருந்ததாகச் சொல்லி அவரை நிறுத்திவைத்தார்கள். நான் எடுக்கவில்லை என்று போராடி, விடுவிக்கப்பட்டு, சிட்னி ஒலிம்பிக்குக்குப் போனார். 2000 செப்டெம்பர் 28. மேரியன் ஜோன்ஸ் 21.84 விநாடி, போலின் டேவிஸ் 22.27, சுசந்திக்கா 22.28. நம் நாட்டுக்கு 52 வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒலிம்பிக் பதக்கம், வெண்கலம்.

ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்தே ஓடினார். சிட்னியில் செய்த எந்தச் சோதனையும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 2007இல் அவராக ஒப்புக்கொண்ட பிறகுதான் பதக்கங்களைப் பறித்தார்கள். வெள்ளி சுசந்திக்காவுக்கு என்று முடிவானபோது 2009 டிசம்பர் ஆகிவிட்டது. அந்த இரவில் மேடையில் அவர் நிற்க வேண்டிய இடத்தை ஒன்பது வருடம் கழித்து யாரால் கொடுக்க முடியும்? "எல்லாரும் எடுக்கிறாங்க" என்று யாராவது சொன்னால், எடுக்காமல் ஓடிய ஒரு பெண்ணின் இடம் அங்கே களவு போகிறது என்று எடுத்துக்கொள்.

அதனால்தான் உடம்பில் இருந்தால் நீயே பொறுப்பு என்ற விதியை நான் முழுக்கத் தள்ளிவிடமாட்டேன். தெரியாது என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றால் ஜோன்ஸ் மாதிரி ஆட்களும் அதையேதான் சொல்வார்கள். தெரிந்தோ தெரியாமலோ மருந்தோடு ஓடிய ஓட்டத்தின் பதக்கம் போகட்டும், பக்கத்துப் பாதையில் ஓடியவளுக்கு அது நியாயம். எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு வருவது. நண்ட்ரலோன் வகை மருந்துக்கு நாலு வருடத் தடை. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று காட்டும் பாரம் ஓடியவள் தலையில். அதற்கு வக்கீல் வேண்டும், விஞ்ஞானி வேண்டும், காசு வேண்டும். கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை, சோதனையில் ஊக்கமருந்து வந்தது என்று 2015 கடைசியில் நியூசிலாந்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நம் கிரிக்கெட் சபை பின்னால் நின்று செலவு செய்தது, சோதனை முடிவு நிற்காது என்று 2016 மே மாதம் குற்றம் சாட்டியவர்களே குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டார்கள். பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து நாட்சம்பளம் வாங்கும் உன் அம்மாவால் அப்படி ஒரு வழக்கு நடத்த முடியுமா? திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் எடுத்தார். நண்ட்ரலோன் என்று வந்தது. தெரிந்து எடுக்கவில்லை என்று அவர் சொல்லியும் தங்கமும் போய், நாலு வருடமும் போனது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அதை எதிர்த்து நிற்கும் பலம் ஒன்றில்லை. இந்த அநியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நீ ஓட வேண்டும்.

இத்தனை வருடம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் இனிச் சொல்வதைக் கவனமாய்க் கேள். மழைக்காலத்தில் உனக்கு இழுப்பு வரும். அப்போது நாங்கள் கொடுக்கும் பிரெட்னிசலோன் குளிசை, போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டது. 2011இல் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சோதனையில் வந்ததும் அதேதான். தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது என்றார், மூன்று மாதம் விளையாட விடவில்லை. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அவ்வளவு. ஆகவே நாட்டு வைத்தியர் உருண்டையானாலும், கோச் கொடுத்த ஊசியானாலும், பேர் தெரியாதது உடம்புக்குள் போகக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் நான் ஓடுகிறவள் என்று முதலில் சொல். அந்தக் குளிசை கட்டாயம் வேண்டுமென்றால் டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. குடித்த மருந்தின் பேர், தேதி, கொடுத்தவர் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வை, பெட்டியை வீசாதே. சோதனைக்கு மூத்திரம் கேட்டால் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போ. புரியாத தாளில் கையெழுத்து வைக்காதே, தமிழில் சொல்லுங்கள் என்று கேள், வெட்கப்படாதே. மாதிரியை இரண்டு போத்தலில் பிரிப்பார்கள். முதலாவதில் ஏதாவது வந்தால் இரண்டாவதையும் திறந்து பார்க்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு.

நண்ட்ரலோன் மாதிரி மருந்து பெண் பிள்ளைக்குள் போனால் குரல் தடிக்கும், மாதவிடாய் நிற்கும். தடித்த குரல் மருந்தை விட்டாலும் திரும்பாமல் போகலாம். இதை அந்த அக்காமாருக்கும் சொல், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

டின்னில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது, எழுதாததும் உள்ளே கலந்திருக்கலாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பு. கொழும்பில் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தில் நானே நேரில் போய் விசாரிக்கிறேன். அதுவரை மூடியைத் திறக்காதே.

அன்புடன்
மாமா